மகளுக்காகப் பார்த்த படம், அப்பாவுக்கும் பிடித்தது

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் விடாமல் கேட்டதால் அவளோடு உட்கார்ந்து ‘ட்வைலைட்’ பார்த்தேன். ரத்தக்காட்டேரிப் பையன், பள்ளிக்கூடப் பெண், காதல்... பத்து நிமிஷத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைசி வரை நகரவில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்த வயதில் எனக்கு எப்படி இது பிடித்தது?

பதில்: படம் நன்றாக இருக்கிறது, அதனால் பிடித்தது. எனக்கும் ரொம்பப் பிடிக்கும். 2008-ல் வந்தபோது பதின்வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள் என்பதற்காகவே பெரியவர்கள் பலர் பார்க்காமலேயே ஒதுக்கிய படம் அது. இயக்குநர் கேத்தரின் ஹார்ட்விக் அந்த வயதின் மனசை அவ்வளவு மரியாதையோடு பார்ப்பவர். 2003-ல் வந்த அவருடைய முதல் படம் ‘தர்ட்டீன்’. அதன் திரைக்கதையை, பள்ளிக்கூட வயதில் இருந்த நிக்கி ரீடையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் (ட்வைலைட்டில் ரோசலியாக வருவது அதே நிக்கி).

அந்த உயிரியல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளிக்கூடப் பெண் பெல்லா உள்ளே வந்து மின்விசிறி முன்னால் நிற்கிறாள், முடி பறக்கிறது, அவள் வாசனை பட்டதும் ரத்தக்காட்டேரிப் பையன் எட்வர்ட் குமட்டல் வந்தவன் மாதிரி மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அவன் பின்னால் பாடம் செய்த வெள்ளை ஆந்தை ஒன்று இறக்கை விரித்து நிற்க, அந்த இறக்கை அவன் தோளிலிருந்தே முளைத்தது போலத் தெரியும். யாரும் எதுவும் பேசவில்லை, ஆனால் அந்த வயதில் இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார நேர்ந்த எல்லோருக்கும் அந்தத் தவிப்பு தெரியும்.

அப்புறம் பெல்லாவின் அப்பா சார்லி. உங்களைக் கட்டிப்போட்டது அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரொம்ப நாள் பிரிந்திருந்த மகள் வந்து சேர்ந்திருக்கிறாள், என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் அவளுடைய பழைய டிரக்குக்குப் புது டயர் மாட்டிவிடுகிறார், ஊரில் ஒரு கொலை விழுந்ததும் மிளகு ஸ்பிரேயைக் கையில் கொடுக்கிறார். பாசத்தைச் சொல்லத் தெரியாத அப்பாக்கள் இப்படித்தான் செய்வார்கள். மகள் காதலனை அறிமுகப்படுத்த வரும்போது மேஜையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார் பாருங்கள், பில்லி பர்க் அதை எவ்வளவு அளவாக நடித்திருக்கிறார்!

கேள்வி: எட்வர்ட் ராத்திரி பெல்லாவின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, இதைச் சரி என்று மகள் நினைத்துவிட மாட்டாளா?

பதில்: அது தப்புதான். மாதக்கணக்கில் அவளுக்குத் தெரியாமலே வந்திருப்பதாக அவனே சொல்கிறான், அதைப் படம் காதலாகக் காட்டுகிறது. எனக்கு அந்த இடம் எப்போதுமே உறுத்தும். மகளிடம் பேசுங்கள், ஆனால் படம் ஓடும்போது வேண்டாம். மறுநாள் சாப்பிடும்போது, ‘நிஜத்தில் ஒருத்தன் இப்படி வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேளுங்கள். அவளே நிறைய யோசித்திருப்பாள்.

கேள்வி: மற்ற பாகங்களையும் பார்க்கலாமா?

பதில்: இன்னும் நான்கு இருக்கின்றன, 2009 முதல் 2012 வரை வந்தவை. ஹார்ட்விக் முதல் படத்தோடு விலகிவிட்டார், முதல் படம் முழுக்க இருந்த அந்த நீலப்பச்சை நிறமும் அவரோடு போய்விட்டது. முதல் படம் சுமார் 3.7 கோடி டாலரில் எடுத்து, 39 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்கப்புறம் செலவு கூடியது, சண்டை கூடியது, அந்த நெருக்கம் குறைந்துவிட்டது. இரண்டாவதில் எட்வர்ட் பாதிப் படத்துக்கு மேல் நேரில் வருவதில்லை, அதனால் இழுக்கும். 2011-ல் வந்த நான்காவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்யாண விருந்தில் சார்லி எழுந்து வாழ்த்திப் பேசும் இடம் ஒன்று வரும், அதை மகளோடு சேர்ந்து பாருங்கள்.