ஐ.டி. கான்ட்ராக்ட் வேலைக்கு ஏஜென்சி வழியாகப் போகும் முன்

நான்கு வருடம் வேலை பார்த்த மகள், நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யப் போகிறேன் என்றால் பெற்றோருக்குப் பயம் வரத்தான் செய்யும். கான்ட்ராக்ட் முடிந்த மறுநாள் சம்பளம் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் இந்த முறையில் பல வருடங்களாக நன்றாக வாழ்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சறுக்குபவர்கள் பெரும்பாலும் திறமைக் குறைவால் சறுக்குவதில்லை. ஏஜென்ட் யாருக்காக வேலை செய்கிறார் என்பது புரியாமல் உள்ளே போவதால்தான் சறுக்குகிறார்கள். அந்த ஒன்று புரிந்துவிட்டால், அவர் ஏன் திரும்பப் பேசுவதில்லை, ஏன் அவசரப்படுத்துகிறார், ஏன் ரேட்டை, அதாவது ஒரு நாள் வேலைக்கான தொகையை, குறைக்கச் சொல்கிறார் என்பதெல்லாம் தானாக விளங்கும். இனி வருவது நேராக மகளுக்கே சொல்வது. நீங்களும் உடன் இருந்து படியுங்கள்.

ஏஜென்சிக்குப் பணம் கொடுப்பது கிளையன்ட், அதாவது நீங்கள் போய் வேலை செய்யும் நிறுவனம். ஆகவே ஏஜென்ட் நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறார். உங்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது அவர் பொறுப்பு அல்ல. நிறுவனம் ஒரு நாள் வேலைக்கு 100 கொடுக்கிறது என்றால், ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தருகிறது. அந்தப் பங்கு பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும். நடுவில் இன்னொரு வெண்டார் (இடைத்தரகு நிறுவனம்) இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகும். அதனால் "உங்களையும் சேர்த்து, எனக்கும் கிளையன்டுக்கும் நடுவில் எத்தனை கம்பெனி இருக்கிறது?" என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். ஒன்று சரி. இரண்டு என்றால் யோசிக்கலாம். மூன்று என்றால் வேண்டாம். ரேட் தேய்ந்துபோகும், பணமும் தாமதமாகும், தகராறு வந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

அடுத்து வேகம். ஒரு கான்ட்ராக்ட் இடம் திறந்தால் நிறுவனம் அதைப் பல ஏஜென்சிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். ஒவ்வொரு ஏஜென்சியும் இரண்டு அல்லது மூன்று ரெஸ்யூமேதான் தரலாம் என்று கட்டுப்பாடு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. முதல் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவைதான் பெரும்பாலும் படிக்கப்படும். அதனால் ஏஜென்சியில் ஆள் தேடும் ரெக்ரூட்டர் அழைக்கும்போது எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். தேடும் வாரங்களில் போனை எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்குள் குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள்.

ரெஸ்யூமேயை முதலில் தேடி எடுப்பது மென்பொருள். ரெக்ரூட்டர் இரண்டு மூன்று சொற்களைப் போட்டுத் தேடுவார். அந்தச் சொல் உங்கள் ரெஸ்யூமேயில் இல்லையென்றால் நீங்கள் அவர் திரையில் வரவே மாட்டீர்கள். ஏ.டபிள்யூ.எஸ். என்று சுருக்கமாக எழுதினால் ஓரிடத்தில் அமேசான் வெப் சர்வீசஸ் என்று முழுதாகவும் எழுதுங்கள். முதல் பக்கத்தின் மேல் பாதியில் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: என்ன வேலை செய்பவர், முக்கியமான தொழில்நுட்பங்கள் எத்தனை வருடம், எந்தத் தேதியிலிருந்து வர முடியும், எங்கிருந்து வேலை செய்ய முடியும். வேர்டு கோப்பாக அனுப்புங்கள். ஏஜென்சி உங்கள் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுத் தன் முத்திரையைப் போட்டுத்தான் கிளையன்டுக்கு அனுப்பும், பி.டி.எஃப். தந்தால் அவர்களே திரும்பத் தட்டச்சு செய்து சொதப்புவார்கள். இரண்டு பத்திகளாகப் பிரித்த அலங்கார வடிவம், படம், நட்சத்திரக் குறியில் திறமை மதிப்பீடு எல்லாம் தேடும் மென்பொருளைக் குழப்பும்.

புராஜெக்ட் பற்றிய வரிகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "பேமென்ட் மாட்யூலில் பணியாற்றினேன்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது. "6 பேர் குழு, 9 மாதம். பேமென்ட் கேட்வே இணைப்பை முழுக்க நான் எழுதினேன். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3. பழைய முறையை நிறுத்தாமல் படிப்படியாக மாற்றினோம்" என்றால் மேலாளர் அதைப் படித்ததும் "இந்த ஆள் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து வேலை செய்வார்" என்று நம்புவார். கான்ட்ராக்ட் என்பதே அந்த நம்பிக்கைக்குத் தரப்படும் பணம்தான். வேலை இணையதளங்களில் ஏற்றிய ரெஸ்யூமேயை வாரம் ஒருமுறை சிறிதாவது திருத்தி மறுபடி சேமியுங்கள்; புதிதாகப் புதுப்பித்தவர்களை மேலே காட்டும் தளங்கள் பல உண்டு.

இந்தத் துறையில் கைக்கு வந்த வாய்ப்பைக் கெடுப்பதில் முதலிடம் இரட்டைச் சமர்ப்பிப்புக்கு. ஒரே இடத்துக்கு இரண்டு ஏஜென்சிகள் உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டால், கமிஷன் யாருக்கு என்ற தகராறில் மாட்ட விரும்பாமல் நிறுவனம் பெரும்பாலும் இரண்டையுமே ஒதுக்கிவிடும். உங்களுக்குக் காரணமே தெரிய வராது. இதைத் தவிர்க்க ஒரே வழி, கிளையன்டின் பெயர் தெரியாமல் யாருக்கும் அனுமதி தராமல் இருப்பது. "கிளையன்ட் பெயர், பொறுப்பு, ரேட் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு உடனே ஒப்புதல் தருகிறேன். அதுவரை என் ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். பெயர் சொன்னால் நீங்கள் நேரடியாகப் போய்விடுவீர்களோ என்று சில ஏஜென்டுகள் தயங்குவார்கள். போக மாட்டேன் என்று அதே மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள், சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். கூடவே ஒரு எக்செல் தாள்: தேதி, ஏஜென்சி, பேசியவர், கிளையன்ட், பொறுப்பு, ரேட், நிலை. இருபது அழைப்புகளுக்குப் பிறகு யாரிடம் என்ன ரேட் சொன்னோம் என்பது யாருக்கும் நினைவில் நிற்காது.

சில அழைப்புகளில் வேலையே இருக்காது. தகவல் பிடுங்கத்தான் அழைப்பார்கள். "இப்போது எங்கெல்லாம் இன்டர்வியூ போகிறீர்கள்?" என்று கேட்பவர், அந்த நிறுவனத்துக்குத் தன் ஆளை அனுப்பப் பார்க்கிறார். இன்டர்வியூவுக்கு முன்பே இரண்டு மேலாளர்களின் பெயரும் எண்ணும் கேட்பவர், அவர்களைத் தன் வாடிக்கையாளராக்கப் பார்க்கிறார். "ஆஃபர் வந்த பிறகு தருகிறேன்" என்ற ஒரு பதில் போதும், கோபப்பட வேண்டியதில்லை.

ரேட் விஷயத்தில் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1200. வேலை நாட்கள் 52 வாரத்துக்கு 260. வகுத்தால் ஒரு நாளுக்கு 4.6 வருகிறது, பலரும் இதன்மேல் கொஞ்சம் சேர்த்து ரேட் சொல்லிவிட்டு ஏமாறுகிறார்கள். உண்மைக் கணக்கு வேறு. 260-ல் பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 20, உடம்புக்கு முடியாத நாட்கள் 5 போனால் 225. ஒரு கான்ட்ராக்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருடத்தில் எட்டு வாரம் சும்மா இருக்க நேரிடலாம். அந்த 40 நாளையும் கழித்தால் 185. மறுபுறம் நிறுவனம் கட்டிவந்த ஓய்வூதியப் பங்கு, காப்பீடு ஆகியவற்றுக்கு 180 சேருங்கள். மடிக்கணினி, பயிற்சி, கணக்காளர் செலவுக்கு 120. மொத்தம் 1500, 185-ஆல் வகுத்தால் 8.1. அதாவது முதலில் வந்த எண்ணைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. இதற்குக் கீழே போனால் நிரந்தர வேலையிலேயே இருந்திருக்கலாம். உங்கள் சம்பளத்தையும் செலவையும் போட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்ட பிறகே ஏஜென்டிடம் பேசுங்கள். அவர் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால், "இந்த இடத்துக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய வரி, கிளையன்ட் பணம் கொடுத்த பிறகே உங்களுக்குத் தருவோம் என்பது. அதை எடுக்கச் சொல்லுங்கள். டைம்ஷீட்டில் (வேலை செய்த நாட்களின் பதிவுத் தாளில்) மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பணம் தர வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். அடுத்தது நோட்டீஸ். உங்களுக்கு 4 வாரம், நிறுவனத்துக்கு ஒரு நாள் என்றுகூட இருக்கும். சமமாக்கக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, கான்ட்ராக்ட் முடிந்த பிறகு அதே கிளையன்டிடம் நேரடியாகச் சேரக் கூடாது என்ற தடை. ஆறு மாதம் வரை, அந்த ஒரு கிளையன்டுக்கு மட்டும் என்றால் ஏற்கலாம். "ஏஜென்சியின் எல்லா வாடிக்கையாளர்களிடமும்" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாத கான்ட்ராக்ட் என்றால் ஆறு மாதத்துக்கும் உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். நோட்டீஸ் காலம் எவ்வளவோ அதுதான் உண்மையான உத்தரவாதம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது கைப்பணம். முதல் தேதியில் வேலையில் சேர்ந்தால், மாதக் கடைசியில் டைம்ஷீட், பிறகு இன்வாய்ஸ் (பணம் கேட்கும் பில்), அதன்பின் 30 நாள் தவணை. முதல் நாள் உழைத்த காசு கைக்கு வர 60 நாள் ஆகும். டைம்ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் விடுப்பில் போனால் அதற்கும் மேல். குறைந்தது மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடக் கூடாது. வீட்டுக் கடன் இருந்தால் ஆறு மாதம். வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். நீங்கள் சுயதொழில் செய்பவரா, ஊழியரா என்பதை வேலை நடக்கும் நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். பிரிட்டனில் இதற்கென்றே ஐ.ஆர்.35 என்ற விதி 2000 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் ஊழியராகப் பணம் வாங்கும் டபிள்யூ-2, சுயதொழில் செய்பவராக வாங்கும் 1099 என்று வரிப் படிவத்தின் பெயரில் இரு வழிகள். ரேட் ஒப்புக்கொள்ளும் முன்பே எந்த வகையில் பணம் வரும் என்று கேட்க வேண்டும். பிறகு கேட்டால் கையில் நிற்கும் தொகை நினைத்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கலாம்.

நல்ல ஏஜென்ட் கிடைத்தால் விடாதீர்கள். கான்ட்ராக்ட் முடிய ஆறு வாரம் இருக்கும்போது நீட்டிப்பு உண்டா என்று மேலாளரிடமும் ஏஜென்டிடமும் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அன்றே தேடத் தொடங்குங்கள். கடைசி வாரம் வரை காத்திருப்பவர்கள்தான் நடுவில் மாதக்கணக்கில் சும்மா இருக்க நேரிடுகிறது.

வேலை தேடுபவரிடம் காசு கேட்பவர் ஏஜென்ட் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் தன் 181-ஆவது உடன்படிக்கையிலேயே பொது விதியாக வைத்துவிட்டது. ஒப்பந்தம் வருவதற்கு முன் வங்கிக் கணக்கு விவரம், அடையாள ஆவணங்களின் நகல் எதையும் அனுப்ப வேண்டாம்.

இதைப் பார்த்துவிட்டு, கடைசி ஆண்டு படிக்கும் தம்பியும் நேராகக் கான்ட்ராக்ட் போகலாமா என்று கேட்பார். இப்போது வேண்டாம். நிறுவனம் கான்ட்ராக்டருக்குக் கூடுதல் ரேட் தருவதே பயிற்சி தர நேரமில்லாததால்தான். அனுபவம் இல்லாதவரை அனுப்பினால் ஏஜென்சியின் பெயர் கெடும், அதனால் அனுப்ப மாட்டார்கள். இந்த இடத்தில்தான் "மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், இன்டர்வியூவை வேறு ஆள் பேசுவார்" என்று ஆசை காட்டுபவர்கள் நுழைகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் முந்தைய நிறுவனத்திடமே கேட்பார்கள். அதில் தப்பினாலும், சேர்ந்த முதல் வாரத்திலேயே வேலை தெரியாதது வெளிப்பட்டுவிடும். பொய்த் தகவல் என்று ஒரு நிறுவனத்தின் பதிவில் ஏறிவிட்டால் அந்தக் கதவு பல வருடங்களுக்குத் திறக்காது. தம்பி முதலில் இரண்டு மூன்று வருடம், ஒரு புராஜெக்டைத் தொடக்கம் முதல் வெளியீடு வரை பார்க்கக் கிடைக்கும் நிரந்தர வேலையில் இருக்கட்டும். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் குழுவின் அளவு, தன் பகுதி, கருவிகளின் பதிப்பு எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி ஆகியவற்றை எழுதி வரட்டும். நிறுவனத்தின் ரகசியம் எதுவும் அதில் வேண்டாம். பின்னாளில் கான்ட்ராக்ட் ரெஸ்யூமே எழுத உட்காரும்போது தேவைப்படுவது அந்த வரிகள்தான்.