ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் காரின் பேட்டரி பழையதாகிவிட்டதால், புதியது வாங்கி நானே மாற்றினேன். அதன்பின் இன்ஜினைக் கிளப்பினால் டாஷ்போர்டில் ஸ்டீயரிங் சக்கரமும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. ஸ்டீயரிங்கும் சற்றுக் கனமாக இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். வீட்டிலேயே ரீசெட் செய்ய முடியுமா?

பதில்: உங்கள் நிலைமையில் பெரும்பாலும் முடியும். அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய வண்டியில், பேட்டரி மாற்றிய உடனே இந்த விளக்கு எரிந்தால், பாகம் எதுவும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. மின்சாரம் நின்றபோது, சக்கரங்கள் நேராக இருக்கும் நிலை எது, இடது கோடி எது, வலது கோடி எது என்று ஸ்டீயரிங் அமைப்பு வைத்திருந்த கணக்கு பல மாடல்களில் அழிந்துவிடும். அந்தக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுப்பதைத்தான் ரீசெட் என்கிறோம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரங்களை நேராக வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். ஏசி, முகப்பு விளக்குகள் போன்ற மின்சாரம் இழுக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை அவசரப்படாமல் இடது கோடி வரை திருப்பி ஓரிரு நொடி நிறுத்துங்கள். அங்கிருந்து வலது கோடி வரை கொண்டுபோய் அதேபோல நிறுத்தி, பிறகு நேருக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி கிளப்புங்கள். விளக்கு அப்போதும் எரிந்தால் கலங்க வேண்டாம். சில வண்டிகள் கொஞ்ச தூரம் நேராக ஓடிய பிறகுதான் புதிய கணக்கை ஏற்றுக்கொள்ளும். ஆள் நடமாட்டமில்லாத நேரான பாதையில் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு முறை சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கோடியில் முட்டிய பிறகும் ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த நிலையில், ஸ்டீயரிங்கைத் திருப்ப உங்களுக்கு உதவும் மின் மோட்டார் மிக அதிகமான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். சூடு ஏறினால் அதை இயக்கும் கணினியே அந்த உதவியைக் குறைத்துவிடும். அதைப் புதிய கோளாறு என்று எண்ணி, திரும்பத் திரும்ப இடமும் வலமுமாகத் திருப்பி மேலும் சூடேற்றுகிறவர்கள் உண்டு. சிறிது நேரம் ஆற விட்டால் உதவி தானாகத் திரும்பிவிடும்.

நண்பர் சொன்ன வழி உங்களுக்குப் பொருந்தாது. வயரைக் கழற்றியதால்தானே விளக்கு வந்தது? மறுபடி கழற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் பேட்டரியை நீங்களே மாட்டியதால் இரண்டு டெர்மினல்களையும் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் நெகட்டிவ் கிளாம்பை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். அது தாராளமாகச் சுழன்றது. நட்டை இறுக்கித்தான் இருந்தார்கள், ஆனால் கிளாம்பின் உட்புறம் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டாமலே மாட்டியிருந்தார்கள். அந்த அரைகுறைத் தொடர்பில் ரேடியோ பாடும், உள்விளக்கு எரியும், சில சமயம் இன்ஜின்கூடக் கிளம்பிவிடும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் மோட்டார் பல பத்து ஆம்பியர் கேட்கும். அப்போது வோல்டேஜ் விழும், விளக்கு எரியும். கிளாம்பையும் பேட்டரி முனையையும் பளபளப்பாகத் தேய்த்து இறுக்கியதும் அந்த வண்டிக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் தொடுங்கள்.

கேள்வி: சில மாதங்களாக, காரைப் பார்க் செய்யத் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் இறுகிவிடுகிறது. இன்ஜினை அணைத்துக் கிளப்பினால் சரியாகிவிடுகிறது. இப்படியே ரீசெட் செய்துகொண்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் செய்வது ரீசெட் அல்ல. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கோளாறு கண்ணில் படாவிட்டால் விளக்கை அணைத்துவிடும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்டீயரிங் தண்டில் முறுக்குக்கு வளைந்துகொடுக்கும் ஒரு சிறு கம்பி இருக்கிறது. நீங்கள் எவ்வளவு பலத்தோடு திருப்புகிறீர்கள் என்பதை, அந்தக் கம்பி முறுக்கப்படும் அளவிலிருந்து டார்க் சென்சார் அளக்கிறது. அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது உதவி அதிகம், வேகம் கூடினால் உதவி குறைவு. ஆகவே, பார்க்கிங் நேரத்தில்தான் மோட்டாருக்குக் கடும் வேலை. உங்கள் புகார் அந்த நேரத்தில் மட்டும் வருவதால் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இப்போது வேறொருவரை ஸ்டீயரிங்கை நின்ற நிலையில் மெதுவாகத் திருப்பச் சொல்லி, மீட்டரைக் கவனியுங்கள். எண் சற்று இறங்கி உடனே ஏறினால் கவலையில்லை. 12க்கும் கீழே விழுந்து அங்கேயே தங்கினால், பலம் இழந்த பேட்டரி, ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயனில்லை.

வோல்டேஜ் சரியாக இருந்தும் விளக்கு வந்தால், கணினி பதிவு செய்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் தேவை. விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும்; ஸ்டீயரிங் கணினிக்குள் நுழைந்து படிக்கக்கூடிய கருவி இருக்கும் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் கோளாறைத் தேடுவதற்கு அதுதான் முதல் தடயம்.

கேள்வி: டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரை மாட்டுவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் இரண்டு துளைகளை வயரால் இணைத்து ஸ்டீயரிங்கை ரீசெட் செய்வதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். சில மாடல்களுக்கு இப்படி ஒரு முறை ஒர்க்‌ஷாப் கையேட்டிலேயே இருப்பது உண்மைதான். ஆனால் அந்த சாக்கெட்டின் 16 துளைகளில் ஒன்றில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், வேறு சில நேரடியாகக் கணினிகளுக்குச் செல்லும். ஒரு மாடலுக்குச் சொன்ன துளை இன்னொரு மாடலில் வேறு வேலைக்கு இருக்கலாம். வயர் இடம் மாறினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

அதோடு, இந்த முறையால் மாற்றப்படுவது டார்க் சென்சாரின் பூஜ்ஜியம், அதாவது ஸ்டீயரிங்கை யாரும் தொடாதபோது சென்சார் காட்ட வேண்டிய அளவு. அந்த நேரத்தில் உங்கள் கை சக்கரத்தின் மேல் லேசாக இருந்தால்கூட, அந்த அழுத்தத்தையே பூஜ்ஜியம் என்று கணினி பதிவு செய்துவிடும். பிறகு கையை எடுத்தால் மோட்டார் ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்காக இதில் இறங்குகிறீர்கள் என்றால், முதலில் டயர்களின் காற்றழுத்தத்தையும் வீல் அலைன்மென்டையும் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டின் மூடிகளையும் திறக்க வேண்டாம். அங்கே ஏர்பேக் வயர்கள் இருக்கின்றன.

கேள்வி: ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமா?

பதில்: பூட்டிக்கொள்ளாது. இன்று சாலையில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டின் நேரடித் தொடர்பு இருக்கிறது. மோட்டாரின் உதவி மட்டும்தான் போகும். இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். வேகம் குறையக் குறையக் கனம் கூடும் என்பதை எதிர்பார்த்தே திருப்புங்கள். ரீசெட் செய்யும் எண்ணத்தில் ஓடும்போதே சாவியை அணைத்துவிடாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்கும் கனமாகும், சாவியை எடுத்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் பூட்டு உண்மையாகவே விழுந்துவிடும். விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, ஸ்டீயரிங் தானாக அசைந்தாலோ, திரும்பும்போது சிக்கினாலோ வண்டியை அங்கிருந்து ஓட்டாமல் இழுவை வண்டியை வரவழையுங்கள்.