தம்பியை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. மூன்று மாதமாக வேலைக்குப் போவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. தனியாகப் பேசிக்கொள்கிறான். எதிர்வீட்டுக்காரர் செல்போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார் என்கிறான். மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்துவிட்டோம். பாகாயம் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். அம்மாவோ, "அடைச்சு வெச்சிடுவாங்க" என்று அழுகிறார். என்ன செய்வது?
- ஒரு அக்கா, ஆற்காடு

பதில்: அன்புச் சகோதரி, அம்மாவின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது தீராமல் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பப் போவதில்லை. பாகாயத்தில் இருப்பது வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம், 1957ல் தொடங்கியது. அங்கே ஒருவரைச் சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். வைத்தியம் நடக்கும் முறையே அப்படித்தான். மாத்திரை எப்போது கொடுப்பது, சந்தேகமாகப் பேசினால் எப்படிப் பதில் சொல்வது என்பதையெல்லாம் அம்மாவும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தடைசெய்திருக்கிறது. இன்னொன்று, பெரும்பாலானவர்களைச் சேர்க்கவே தேவையிருக்காது, ஓபியில் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். செலவுதான் கவலை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மருந்தால் நன்றாகக் குறையக்கூடியது, அதுவும் சீக்கிரம் ஆரம்பித்தால். டாக்டர் தூக்கம், சாப்பாடு, எப்போது தொடங்கியது, கஞ்சா, குடி ஏதாவது உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் கேட்பார். மறைக்காதீர்கள். இந்த மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், தூக்கக் கலக்கம், எடை கூடுவது இதெல்லாம் வரலாம், வந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும். அப்புறம்தான் பெரிய ஆபத்து: பையன் தெளிவாகிவிட்டான் என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். எத்தனையோ குடும்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன, தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கயிறு கையிலேயே இருக்கட்டும், அதற்காக அம்மாவோடு சண்டை வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் தம்பியோடும் வாதாட வேண்டாம், "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்று சொன்னால் போதும். சாகப் போகிறேன் என்றோ, ஏதோ குரல் தன்னையோ பிறரையோ அடிக்கச் சொல்கிறது என்றோ பேசினால் அன்றைக்கு ராத்திரியே 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அவனிடம் பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "தூக்கமே இல்லையேடா, டாக்டரிடம் காட்டிட்டு வரலாம்" என்று கேளுங்கள், அது உண்மையும்கூட. வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416க்குப் பேசுங்கள், அது அரசின் டெலி மானஸ் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், வீட்டு ஆட்களும் அழைக்கலாம்.