கல்லீரல் உமிழும் ஒளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழுப்புக் கல்லீரல் நோய் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், சாயம் எதுவும் ஏற்றாமல் திசுவின் இயல்பான ஒளிர்வைக் கொண்டே ஆய்வாளர்கள் இந்நோயை ஆராய்கிறார்கள் என்றொரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: கல்லீரல் ஒளிவிடும் என்றால் அது இருட்டில் தெரிய வேண்டுமே?

இருட்டில் தானே மினுங்குவது மின்மினி. அந்த ஒளி வேதிவினையால் பிறப்பது. கல்லீரலின் ஒளிர்வுக்கு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சப்பட வேண்டும். புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டதும், திசுவில் உள்ள சில மூலக்கூறுகள் அதை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக உமிழ்கின்றன. பாய்ச்சுவதை நிறுத்தினால் இதுவும் உடனே நின்றுவிடும். குவினைன் கரைசலில் இதே நிகழ்வை ஆராய்ந்து, 1852-இல் விளக்கமும் பெயரும் தந்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

கல்லீரலில் இவ்வாறு ஒளிரக்கூடிய பொருள்கள் பல உள்ளன. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியில் பங்கேற்கும் என்.ஏ.டி.ஹெச். என்னும் துணைநொதி, சுமார் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 450 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிர்கிறது. வைட்டமின் பி2-இலிருந்து உருவாகும் ஃப்ளாவின்கள் நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவும், இரத்தச் சிவப்புநிறமியின் மூலப்பொருள்களான போர்ஃபிரின்கள் ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு 635 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிர்கின்றன. இவற்றுள் முதல் இரண்டும் ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுபவை. என்.ஏ.டி.ஹெச். ஒடுக்கமடைந்த, அதாவது எலக்ட்ரான்களைப் பெற்ற, நிலையில் மட்டுமே ஒளிரும்; ஃப்ளாவின் அதற்கு நேர்மாறாக ஆக்சிஜனேற்றம் அடைந்த, அதாவது எலக்ட்ரான்களை இழந்த, நிலையில் மட்டுமே ஒளிரும். எனவே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் எந்த நிலையில் இயங்குகின்றன என்பதை உயிருள்ள திசுவிலேயே கணிக்கலாம். பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க உயிரியற்பியலாளர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வழிக்கு அடித்தளம் இட்டார்.

கேள்வி: பயாப்சி எடுத்துச் சாயம் ஏற்றினாலே கொழுப்பு தெரிந்துவிடுகிறதே. பிறகு இது எதற்கு?

உண்மையில் வழக்கமான பயாப்சித் தகட்டில் கொழுப்பு தெரிவதில்லை. அது இருந்த இடம்தான் தெரிகிறது. திசுவை மெழுகில் பதிப்பதற்கு முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் அமிழ்த்துகிறார்கள். அப்போது கொழுப்பு முழுவதும் கரைந்து போய்விடுகிறது. இளஞ்சிவப்பு உயிரணுக்களுக்கு நடுவே வட்ட வட்டமாக வெறும் ஓட்டைகள் எஞ்சுகின்றன. அந்த ஓட்டைகளை எண்ணித்தான், ஈரலணுக்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் உள்ளனவா என்று நோயியல் மருத்துவர் தீர்மானிக்கிறார். அளவை அறிய இது போதும். ஆனால் அந்தத் துளிகளில் என்ன இருந்தது, சுற்றியிருந்த அணு எப்படி இயங்கிக்கொண்டிருந்தது என்பவற்றை அறிய இவ்வழியில் இடமில்லை. உறைய வைத்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, வேறெதுவும் செய்யாமல் ஒளியூட்டிப் பார்க்கும்போது அந்த வேதிச் செய்திகள் அழியாமல் கிடைக்கின்றன. ஃபார்மலினில் ஊறிய திசுவை இதற்குப் பயன்படுத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். ஃபார்மலினே திசுவில் புதிய ஒளிர்வை உண்டாக்கிவிடுவதால், இயல்பானது எது, வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறிவது கடினம்.

கேள்வி: வைட்டமின் ஏ-க்கும் இந்த ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என்று கட்டுரையில் இருந்தது. விரிவாகச் சொல்ல முடியுமா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதி இதுதான். ஆகவே சற்று நீளமாகவே சொல்கிறேன்.

ஈரலணுக்களுக்கும் நுண்குருதிக் குழாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில், கைகளை விரித்தாற்போல் கிளைகளுடன் கூடிய விண்மீன் வடிவ அணுக்கள் உள்ளன. 1876-இல் இவற்றைத் தங்கக் குளோரைடு சாயத்தின் உதவியால் முதலில் கண்டவர் கார்ல் ஃபான் குப்ஃபர். பின்னர் அவரே இவற்றை விழுங்கணுக்களோடு சேர்த்துக் குழப்பிவிட்டார். பல பத்தாண்டுகள் நீடித்த அந்தக் குழப்பத்தை 1971-இல் ஜப்பானிய ஆய்வாளர் கென்ஜிரோ வாகே தீர்த்துவைத்தார். அதற்கு அவருக்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று வைட்டமின் ஏ-யின் ஒளிர்வு. உடலில் சேமிக்கப்படும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இந்த விண்மீன் அணுக்களின் கொழுப்புத் துளிகளில்தான் அடங்கியிருக்கிறது.

புற ஊதா ஒளியில் இத்துளிகள் நீலப்பச்சைப் புள்ளிகளாகப் பளிச்சிடும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நொடிகளில் அவை மங்கி மறைந்துவிடும். ஒளியே அந்த மூலக்கூறைச் சிதைத்துவிடுவதுதான் இதற்குக் காரணம். பொதுவாக இப்படி மங்குவது ஆய்வாளருக்குத் தலைவலி. இங்கோ அதுவே அடையாளமாகிறது: எந்தப் புள்ளி விரைவாக மங்குகிறதோ அது வைட்டமின் ஏ, மங்காமல் நிற்கும் நீலம் வேறெதிலிருந்தோ வருகிறது.

கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து, அழற்சியும் தொடங்கி நீடித்தால், விண்மீன் அணுக்கள் தூண்டப்படுகின்றன. தம்மிடமிருந்த வைட்டமின் ஏ துளிகளை அவை இழந்து, கொலாஜன் என்னும் புரத நார்களை உற்பத்தி செய்யும் அணுக்களாக மாறுகின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகுவதற்கு முதன்மைக் காரணம் இந்த மாற்றமே. இங்கு கவனிக்க வேண்டியது, கொலாஜனும் புற ஊதா ஒளியில் 400 நானோமீட்டரை ஒட்டி நீலமாக ஒளிர்கிறது என்பது. ஆக, மங்கும் ஒளி குறைவதும் மங்காத ஒளி கூடுவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். ஆனாலும் இதை நேர்க்கோட்டுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பு மிகுந்த கல்லீரலில் ஈரலணுக்களின் துளிகளிலும் வைட்டமின் ஏ கரைந்திருக்கக்கூடும் என்பதால், நீலப்பச்சைப் புள்ளி கண்ட இடமெல்லாம் விண்மீன் அணு இருப்பதாக முடிவு கட்டினால் தவறிவிடும்.

கேள்வி: இத்தனை பொருள்களும் ஒன்றாக ஒளிர்ந்தால் எப்படிப் பிரிக்கிறார்கள்?

நிறத்தை மட்டும் நம்பினால் பிரிக்க இயலாது. மொத்த நிறமாலையைப் பதிவுசெய்து, தூய பொருள்களின் நிறமாலைகளோடு பொருத்தி, ஒவ்வொன்றின் பங்கையும் கணக்கிடுவது ஒரு வழி. ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளப்பது இன்னொன்று. புரதத்தோடு சேராத என்.ஏ.டி.ஹெச்.-இன் ஒளிர்வு ஏறத்தாழ 0.4 நானோவினாடியில் தணிகிறது. புரதத்தோடு பிணைந்ததற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். கொலாஜனுக்கு மட்டும் தனி வசதி ஒன்று உண்டு. செறிவான லேசர் துடிப்பு பட்டால், நாராக ஒழுங்குற அடுக்கப்பட்ட கொலாஜன் சரியாகப் பாதி அலைநீளத்தில் ஒளியைத் திருப்பித் தருகிறது. இது ஒளிர்வு வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதே நுண்ணோக்கியில் பதிவு செய்ய முடிவதால் தழும்பை அடையாளம் காண வெகுவாக உதவுகிறது.

கேள்வி: எலிகளில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா?

ஓரளவுக்குத்தான் பொருந்தும். பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோனின் ஏற்பியில் பழுதுள்ள ஸூக்கர் எலிகள் கொழுத்து, கல்லீரலிலும் கொழுப்புச் சேர்க்கின்றன. ஆனால் தாமாக அழற்சிக்கும் தழும்புக்கும் எளிதில் போவதில்லை. மெத்தியோனின், கோலின் என்னும் சத்துகளை நீக்கிய தீவனத்தில் வளரும் எலிகளுக்கு அழற்சி விரைவில் வருகிறது. ஆனால் அவை உடல் மெலிகின்றன. நம்மிடையே இந்நோய் பெரும்பாலும் உடல்பருமனோடும் நீரிழிவோடும் சேர்ந்து வருவது. ஆகவே எந்த விலங்கில், எந்தத் தீவனத்தில் கண்ட ஒளிர்வு மாற்றம் என்று கேட்காமல் இத்தகைய செய்திகளை ஏற்க வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். இந்த ஒளிர்வுப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?

இப்போது கேட்டுப் பயனில்லை. புற ஊதா ஒளியும் நீல ஒளியும் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட ஊடுருவுவதில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அவற்றை உறிஞ்சிவிடும். வயிற்றின் மேற்புறத்திலிருந்து கல்லீரலின் ஒளிர்வைக் காண வழியில்லை. தோலின் ஒளிர்வை அளக்கும் கருவிகள் உண்டு என்றாலும், அவை பார்ப்பது தோலில் சர்க்கரையால் மாறுபட்ட புரதங்களை, கல்லீரலை அன்று. மாற்று அறுவைக்காக எடுக்கப்பட்ட கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்று மேசையிலேயே விரைவாக மதிப்பிடுவது போன்ற, உறுப்பை நேரில் தொட முடிகிற இடங்களில்தான் இம்முறைக்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. உங்களைப் பொறுத்தவரை, தழும்பு தொடங்கிவிட்டதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. இரத்தப் பரிசோதனை எண்களையும் வயதையும் கொண்டு கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பெண், கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி ஆகிய இரண்டில் எது உங்களுக்குத் தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.