ஜவ்வரிசிக் கஞ்சியும் எலும்பும்

ஐயா, போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மனைவியோடும் மகளோடும் வந்திருந்தீர்கள். “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறா. எலும்புக்கு நானோ ஹைட்ரோஜெல்னு என்னமோ சொல்றா. சோறு போடுமா சார்?” என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் முழுதாகச் சொல்லவில்லை.

ஜவ்வரிசி வியாபாரியான உங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஜவ்வரிசியைக் காய்ச்சினால் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று நிற்கிறதே, ஹைட்ரோஜெல்லும் அந்த வகைதான். ஆய்வகத்தில் ஜெலட்டினிலோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலோ செய்வார்கள். செல்கள் வாழ அந்த ஈரம் தோதானது. ஆனால் எலும்பு இருந்த இடத்தில் வைக்க அது ரொம்ப மெத்து. நம் எலும்பில் கொலாஜன் என்ற புரத நாரோடு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது நுண்படிகமாக இறுகியிருக்கிறது. அந்தத் தாதுவையே நானோ துகளாக, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்பொடியாக, ஜெல்லில் கலந்தால் உறுதி கூடும், எலும்புச் செல்களும் ஒட்டி வளரும். விபத்தில் எலும்புத் துண்டை இழந்தவருக்கு இப்போது இடுப்பெலும்பிலிருந்து வெட்டி வைக்கிறார்கள். அந்த இரண்டாவது காயத்தைத் தவிர்க்கத்தான் இத்தனை பாடு. உங்கள் மகள் ஆசைப்படுவது நல்ல வேலைக்கு.

சரி, சோறு. இதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. முதுகலை முடித்ததும் வேலை வரிசையில் நிற்காது. பிஎச்.டி. வேண்டும், அதற்கு நாலைந்து வருஷம் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்கள் கையிலிருந்து செலவில்லை. கல்யாணம் தள்ளிப்போகுமே என்று அம்மா கலங்கினார்கள். பிஎச்.டி. நடுவில் கல்யாணம் செய்துகொண்டு முடித்தவர்கள் நிறையப் பேர், அம்மா.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். ‘நானோ’ என்று பெயர் வைத்த படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். எம்.எஸ்சி. வேதியியலே படிக்கட்டும். ஆய்வு பிடிக்காமல் போனாலும் மருந்து, பாலிமர் கம்பெனி, ஆசிரியர் வேலை என்று வழி இருக்கும். மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுதட்டும், கிடைத்தால் ஐ.ஐ.டி., இல்லாவிட்டால் பக்கத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம். அப்புறம் பிஎச்.டி.க்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனம். இந்தியாவிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வை 1990இல் நோயாளிக்குப் பொருத்திய இடம் அது.

அன்று நான் கேட்டதற்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள், அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை அவள் பேசட்டும். மதிப்பெண் பட்டியலையும் கொண்டு வாருங்கள். பௌதிக வேதியியலில் எவ்வளவு எடுத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.