பச்சையத்தைத் தனியே பிரித்தெடுத்து வெயிலில் வைத்தால் அது உணவு தயாரிக்குமா?

தயாரிக்காது. சிவப்பாக ஒளிரும், அவ்வளவுதான். அது ஏன் என்று புரிந்தால் இலை ஒளியைப் பிடிக்கும் விதம் புரிந்துவிடும். செய்தே பாருங்கள்.

நாலைந்து பாலக் இலைகளை ஈரம் போகத் துடைத்து, 20 மி.லி. அசிட்டோன் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். கண்ணாடிப் பாத்திரம்தான் வேண்டும். பல வகைப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சைக் கரைசல் ரத்தச் சிவப்பாகத் தெரியும். மங்கலாக இருந்தால் கரைசல் அடர்த்தியாக இருக்கலாம். ஒரு மூலக்கூறு விடும் சிவப்பை அடுத்தது விழுங்கிவிடும். இன்னும் கொஞ்சம் அசிட்டோன் ஊற்றுங்கள். அமிலம் பட்டாலோ பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியம் கழன்று கரைசல் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்புப் பொருளின் பெயர் ஃபியோஃபைட்டின்.

நீல ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்கினாலும் சிவப்பை விழுங்கினாலும் பச்சையம் வந்து நிற்பது ஒரே கிளர்ச்சி நிலையில்தான், அதாவது கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலையில். அந்த ஆற்றல் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட். நீலத்தின் மிச்ச ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். கரைசலில் அந்த நிலை சில நானோ நொடிகள்தான் தாங்கும். வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் ஆற்றல் சிவப்பு ஒளியாகவோ வெப்பமாகவோ வீணாகிறது.

இலையில் ஆள் இருக்கிறது. இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்விலுள்ள புரதங்கள் பச்சைய மூலக்கூறுகளை நெருக்கமாக, குறிப்பிட்ட கோணங்களில் பிடித்து வைத்திருக்கின்றன. ஆற்றலை வாங்கி எலக்ட்ரானைக் கைமாற்றும் இடமான ஒரு வினைமையத்துக்கு இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். இவற்றுக்குள் தாவுவது ஆற்றல் மட்டுமே, எலக்ட்ரான் அல்ல. பலர் குழம்புவது இங்கேதான். ஒவ்வொரு தாவலும் பிகோ நொடி அளவில் முடிவதால், ஒளிர்ந்து வீணாவதற்குள் ஆற்றல் வினைமையத்தைச் சேர்ந்துவிடுகிறது. எலக்ட்ரான் கைமாறுவது அங்கேதான். இரண்டாம் ஒளித்தொகுதியில் (வினைமையமும் அதைச் சுற்றிய பச்சையமும் சேர்ந்த இரண்டு வகைத் தொகுப்புகளில் ஒன்று) அதை முதலில் வாங்குவது, வேடிக்கையாக, அதே ஃபியோஃபைட்டின். அங்கிருந்து எலக்ட்ரான் குயினோன் என்ற அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடுவதால் திரும்பி வர வழி குறைவு. வினைமையம் இழந்த எலக்ட்ரானை, மாங்கனீசு அணுக்கள் கொண்ட ஒரு தொகுப்பு நீரிலிருந்து எடுத்து ஈடுகட்டும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்.

ஆகவே பச்சையத்தை அல்ல, முழுப் பசுங்கணிகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள இரும்பு உப்பு கொடுத்தால் பசுங்கணிகம் தனியாகவே ஆக்சிஜன் விடும் என்று 1930களின் இறுதியில் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ராபின் ஹில் காட்டினார். 1954இல் அமெரிக்காவில் டேனியல் ஆர்னான் என்ற விஞ்ஞானியின் குழு பாலக்கின் பசுங்கணிகங்களை வைத்தே கார்பன் டை ஆக்சைடையும் நிலைநிறுத்தி, அதாவது கரிமச் சேர்மமாக மாற்றிக் காட்டியது.