வண்டி கேள்வி பதில்: ‘வேகமும் வேண்டும், அம்மா ஏறி உட்காரவும் வேண்டும்’

புதுச்சேரி நெல்லித்தோப்பில் 31 ஆண்டுகள் பட்டறை நடத்தியவன் நான். இப்போது ஸ்பேனரை மகனிடம் கொடுத்துவிட்டு, வாசகர்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வந்தவற்றில் எஸ்டேட் கார் பற்றிய கேள்விகளே அதிகம். கூரை பின்பக்கம்வரை நீண்டு, டிக்கியும் உள்ளறையும் ஒன்றாக இருக்கும் வண்டி அது; ஸ்டேஷன் வேகன் என்றும் சொல்வார்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமான வண்டி வகை என்பதால் முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: நான் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடல், ஆறு மாதம் மஞ்சக்குப்பத்தில் வீடு. மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 71 வயது அம்மா. ஹாம்பர்க்கில் இறங்கும்போதெல்லாம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சீறிப்போகும் எஸ்டேட் கார்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். இப்போது கொச்சியில் 2018 மாடல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நண்பர்கள் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கச் சொல்கிறார்கள். மாமனார் எஸ்.யு.வி.யைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறார். பட்ஜெட் 30 லட்சம். எதை வாங்கலாம்? (வாசகர், கடலூர்)

உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது, தம்பி. எஸ்டேட் என்றாலே மூட்டை சுமக்கும் மந்தமான வண்டி என்று நம் ஊரில் ஓர் எண்ணம் ஊறிப்போய்விட்டது. 1992-ல் வந்த டாடா எஸ்டேட்டின் டீசல் இன்ஜின் அந்த உடம்பை இழுக்கத் திணறியதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் 1994-ல் பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ நிறுவனம் தன் 850 எஸ்டேட்டையே களத்தில் இறக்கியது. அதே ஆண்டு ஆடி (Audi) நிறுவனம், போர்ஷேயோடு சேர்ந்து ஆர்.எஸ்.2 அவந்த் என்ற எஸ்டேட்டை 315 குதிரைத்திறனோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீங்கள் ஹாம்பர்க்கில் பார்த்தவை அந்தப் பரம்பரையில் வந்த வண்டிகள்.

இனி உங்கள் மூன்று வழிகளைப் பார்ப்போம். மாமனார் சொல்லும் எஸ்.யு.வி.யை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். உயரமான சீட்டில் இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும். ஆனால் உயரத்துக்கு விலை உண்டு. இரவில் முன்னால் போகும் கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லை, திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால், எடை தாழ்வாக இருக்கும் வண்டி சொன்னபடி கேட்கும். உயரமான வண்டி ஒருமுறை சாய்ந்து, பிறகுதான் திரும்பும். நெல்லிக்குப்பம் சாலையில் அறுவடைக் காலத்தில் ஓட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வி90 கிராஸ் கன்ட்ரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எஸ்டேட்டின் உடம்பு, தரையிலிருந்து 210 மி.மீ. இடைவெளி, நான்கு சக்கர இழுவை. 2017-ல் இங்கே வந்த டி5 டீசல் 235 குதிரைத்திறன் கொண்டது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 7.5 விநாடி. ஆக்டேவியா ஆர்.எஸ். அதைவிடத் துடிப்பானது. 2017-ல் வந்ததில் 230 குதிரைத்திறன், 2020-ல் வந்ததில் 245. ஐரோப்பாவில் அதை எஸ்டேட்டாகவும் விற்றார்கள். நமக்கு வந்தது எஸ்டேட் அல்ல. ஆனாலும் டிக்கிக் கதவு பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும், உள்ளே 590 லிட்டர் இடம் இருக்கும். சைக்கிளைப் படுக்கவைக்கலாம். 2025-ல் 265 குதிரைத்திறனோடு வந்த புதிய ஆர்.எஸ்.ஸின் விலை 50 லட்சத்தை ஒட்டியது, அதை விட்டுவிடுவோம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் கடிதத்தில் மனைவி ஓட்டுவாரா என்று ஒரு வரிகூட இல்லை. ஆறு மாதம் நீங்கள் கடலில் இருக்கும்போது இந்த வண்டி அவர் கையில்தான் இருக்கப்போகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போவதும், திருப்பாதிரிப்புலியூரில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேடி நிறுத்துவதும் அவர். வி90 கிட்டத்தட்ட 4.94 மீட்டர் நீளம், ஆக்டேவியா 4.69 மீட்டர். இந்தக் கால் மீட்டர் காகிதத்தில் சிறிதாகத் தெரியும். பூக்கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவில் பின்னால் எடுக்கும்போது அதுதான் எல்லாம். அவர் பயந்து ஓட்டாமல் விட்டால், உப்புக்காற்றில் ஆறு மாதம் நின்று பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். நீங்கள் வந்து இறங்கும் முதல் வாரம் மெக்கானிக்கோடு கழியும்.

ஆகவே கொச்சிக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். மனைவியையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அம்மா முன்சீட்டிலும் பின்சீட்டிலும் தலா மூன்று முறை ஏறி இறங்கட்டும். மூன்றாவது முறை இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தால் அந்த வண்டி உங்களுடையது அல்ல. பிறகு எல்லாரையும் ஏற்றி, டிக்கியில் ஊருக்குப் போகும் பையையும் வைத்து, மனைவி ஓட்டட்டும். விற்பவர் நிறுத்தி வைத்து இன்ஜினை உறுமவிட்டுக் காட்டுவார். அதில் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு வேண்டிய வேகம் 60-லிருந்து 100-க்குப் போகும் வேகம். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று புதுச்சேரிக்குப் போகும் வழியில் லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் எத்தனை விநாடி இருக்கிறீர்கள் என்பதுதான் குடும்பக்காரனுக்கு வேகம். 100-ல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. இரண்டு விநாடி மிச்சமானால் அது 56 மீட்டர்.

பிரேக்கையும் ஆள் நிறைந்த வண்டியில்தான் பார்க்க வேண்டும். 80-ல் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தைப்போல் 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் டீசல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். அதில் டயர் காற்றுக்கு இரண்டு கணக்கு போட்டிருக்கும்: ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துக் காற்று அடித்த வாடிக்கையாளர்களை 31 ஆண்டில் விரல்விட்டு எண்ணிவிடுவேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

எஸ்டேட் வாங்கும் எல்லாருக்கும் நான் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பண்ருட்டியிலிருந்து மூன்று பலாப்பழங்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். அப்போது என்னிடம் இருந்ததும் எஸ்டேட்தான். பழங்களைப் பின்சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் அடுக்கிவிட்டு, துண்டைப் போட்டு மூடியிருந்தேன். நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது. முழு பிரேக். மேலே இருந்த பழம், பன்னிரண்டு கிலோ இருக்கும், சீட்டைத் தாண்டி வந்து பின்சீட்டின் இடது பக்கத்தில் விழுந்து வெடித்தது. சுளையும் பாலும் கதவெல்லாம் தெறித்திருந்தன. என் மகள் எப்போதும் உட்காரும் இடம் அது. அன்று அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் கையெடுக்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். டிக்கி தனியாக இருக்கும் காரில் டிக்கிக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது, எஸ்டேட்டில் இல்லை. பின்சீட்டின் முதுகிலிருந்து கூரைவரை இழுத்து மாட்டும் வலை இதற்காகவே இருக்கிறது. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். கூரையில் கொக்கி மாட்டும் துளை இருக்கிறதா என்று பாருங்கள், வலையைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் புதிதாக வரவழையுங்கள். வேகமாக ஓட்ட ஆசைப்படும் உங்களுக்கு அது ஆடம்பரம் அல்ல.

என் ஓட்டு வி90-க்கு. காரணம் அம்மாவும், ஆள் நிறைந்திருக்கும்போது அந்த டீசல் இழுக்கும் விதமும். மனைவி அதன் நீளத்தைப் பார்த்துத் தயங்கினால் மறுபேச்சில்லாமல் ஆக்டேவியாவுக்குப் போங்கள். அம்மாவுக்கு முன்சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றிக் கொடுங்கள். கேரளத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, வண்டியின் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். அந்தத் தொகையைக் கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு டயர் செட்டும் ஒரு பெரிய சர்வீஸும் போக மீதிதான் உங்கள் 30 லட்சம்.

கேள்வி: கணவர் பிரான்சில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். அங்கே நாங்கள் வைத்திருக்கும் பேழோ 308 ‘பிரேக்’கை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவர முடியுமா? பிள்ளைகள் அந்த வண்டியை விட மாட்டேன் என்கிறார்கள். (வாசகி, லாஸ்பேட்டை)

எஸ்டேட்டைப் பிரெஞ்சில் ‘பிரேக்’ என்பார்கள். நம் ஊர் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீடுகளில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பார்த்ததும் மகிழ்ச்சி. ஆனால் பதில் கசப்பானதுதான், அம்மா. இந்தியாவுக்குள் வரும் பழைய காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பிரான்சில் ஓடுவது இடப்பக்க ஸ்டியரிங். அந்த இடத்திலேயே கதவு மூடிவிடுகிறது. அங்கேயே நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். பிள்ளைகளுக்காக அதன் சாவிக்கொத்தையும் டிக்கி விரிப்பையும் மட்டும் எடுத்து வாருங்கள்.

கேள்வி: நண்பரின் நண்பர் ஒரு ஸ்டேஷன் வேகனை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஃபெஞ்சல் புயலில் தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், முத்தியால்பேட்டை)

சந்தேகம் நியாயம்தான். 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பொங்கி, கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அந்த வாரம் எங்கள் பட்டறை வாசலில் இழுத்துவந்து நிறுத்திய வண்டிகளின் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி முனைவரை இழுங்கள். பாதிக்கு மேல் வெளியே வராத அந்தப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. தண்ணீர் நின்ற மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். விரலால் தடவினால் மாவு போல வண்டல் ஒட்டும். பின்சீட் நடு பெல்ட்டையும் இதேபோல் பாருங்கள். அடுத்து டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயரைக் கழற்றி, அது உட்காரும் குழியைப் பாருங்கள். மூலையில் மணல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டேஷன் வேகனில் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒயர் கட்டுகள் ஓடும். அதைச் சற்று விலக்கி, இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் துரு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடற்கரை ஊரில் நல்ல வண்டிக்கும் அது வரும். பெல்ட்டில் கோடு இருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். ஏர்பேக் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று அந்த வண்டியில் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: புதுச்சேரிப் பதிவு எண் உள்ள எஸ்டேட் ஒன்றை வாங்கினால் கடலூரில் அப்படியே ஓட்டலாமா? எல்லை பக்கத்தில்தானே இருக்கிறது? (வாசகர், ரெட்டிச்சாவடி)

உங்கள் வீட்டிலிருந்து எல்லைக்கு நடந்தே போகலாம். ஆனாலும் சட்டத்துக்கு அது வேறு பிரதேசம். 12 மாதத்துக்கு மேல் வண்டி தமிழ்நாட்டில் இருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் தெரிந்தவர் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். விபத்து நடந்து காப்பீட்டுக்காரர் முகவரியைத் தேடி வரும் நாளில், அந்தத் தெரிந்தவரும் உங்களோடு சேர்ந்து சிக்குவார்.

கேள்வி: அப்பா வாங்கிய 2006 இண்டிகோ மரீனா இன்னும் ஓடுகிறது. முந்திரி மூட்டை, பலாப்பழம் எல்லாம் அதில்தான். விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், பண்ருட்டி)

வைத்துக்கொள்ளுங்கள். பதிவைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்றால், இப்போது செய்ய வேண்டியது பின்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக மாற்றுவதும், டிக்கித் தளத்துக்கு அடியில் துரு தட்டிப் பார்ப்பதும்தான். மூட்டையைச் சீட் முதுகுக்கு மேலே அடுக்காதீர்கள். மரீனாவின் பின்கதவைத் தாங்கும் கேஸ் கம்பிகள் வயதானால் இறங்கும். தலையில் விழுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.